உள்ளூர்க் குறை தீரட்டும் என்பவர்களுக்கு

‘இங்க இல்லாத கஷ்டமா அங்க இருக்கு?’ ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குத் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்று ஜொகூரில் ஒரு பிள்ளை வாய் திறந்ததும் எழும் முதல் கேள்வி இது. கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும் ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். படித்தவர்கள் கேட்கிறார்கள். பொதுத்தொண்டிலேயே தலை நரைத்தவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள் என்பதால்தான் இந்தக் கருத்தை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் எதிர்க்கிறேன்.

முதலில் அவர்கள் தரப்பை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஸ்கூடாயிலிருந்து ஒரு தாதி மலாவியின் உட்கிராமத்து மருத்துவமனைக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாலம் கடந்து சாங்கி, அங்கிருந்து அடிஸ் அபாபா, விமானம் மாறி லிலொங்வே, பிறகு மண்சாலையில் பல மணி நேரம். டிக்கெட், தடுப்பூசி, விசா, காப்புறுதி என்று ஆயிரக்கணக்கான வெள்ளி கரைகிறது. அதே நேரத்தில் தோட்டம் மூடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாடகை கட்டத் திணறுகின்றன. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். தமிழ்ப்பள்ளி முடித்த பையன்கள் இடைநிலைப்பள்ளியில் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தெப்ராவ் நீரிணையோரம் ஓராங் செலேத்தார் மக்கள் கடலைத் தூர்க்கத் தூர்க்க மீன்பிடிக்கும் இடத்தை இழந்து வருகிறார்கள். இவர்களை விட்டுவிட்டு ஏன் அங்கே? போகத்தான் வேண்டுமா, பணத்தை அனுப்பினால் போதாதா? போகிறவர்கள் அங்கே நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறார்கள் என்று வெள்ளைக்காரர்களே எழுதுகிறார்களே? இதுதான் அவர்களுடைய வாதம். இதில் சொல்லப்படும் உள்ளூர்த் துயரங்கள் ஒவ்வொன்றும் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு.

1. சம்பளத்துக்காக எல்லை கடக்கிறவரிடம் கேட்காத கேள்வியைச் சேவைக்காகக் கடக்கிறவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்வருகிறார்கள். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் புறப்படும் நம் பிள்ளைகளில் தாதிகள் உண்டு, வெல்டர்கள் உண்டு, கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்கள் உண்டு. ‘இங்கே மருத்துவமனையில் ஆள் போதவில்லை, நீ அங்கே யாருக்கு ஊசி போடுகிறாய்?’ என்று எந்தச் சித்தப்பாவும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் ‘முதலில் உள்ளூர்’ என்பது உண்மையிலேயே ஒரு கொள்கையாக இருந்தால், இருபது வருடம் வெளிநாட்டில் உழைப்பவரைத்தான் அது முதலில் தொட வேண்டும். ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மலாவிக்குப் போகிறவளை மட்டும் அது பிடித்து நிறுத்துகிறது. கூலி வாங்கினால் தூரம் குற்றமில்லை, கூலி வாங்காவிட்டால் தூரம் குற்றம் என்றாகிறது. இந்தக் கணக்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் தன்னுடையது என்று ஏற்கமாட்டார்கள்.

2. துயரங்கள் வரிசையில் நிற்பதில்லை. உள்ளூர்க் குறை தீர்ந்த பிறகு வெளியே போகலாம் என்றால், எந்த ஊரில், எந்த ஆண்டில், எல்லாக் குறையும் தீர்ந்தது? நிறைவேறவே முடியாத ஒரு நிபந்தனையை வைத்துவிட்டு அதைப் பொறுமை என்று அழைக்கிறோம். பிறப்புப் பத்திரச் சிக்கல் தீராமல் இருப்பதற்குக் காரணம் சட்டமும் பதிவு இலாகாவின் நடைமுறையும். அதற்கு வழக்கறிஞர்களும் விடாமல் பின்தொடரும் சமூக ஊழியர்களும் தேவை. பிரசவத்தில் அனுபவமுள்ள ஒரு தாதி மலாவிக்குப் போகாமல் இங்கேயே இருந்தால் ஒரு பிள்ளைக்கும் பத்திரம் கூடுதலாகக் கிடைத்துவிடாது. ஒருவர் கையில் இருக்கும் திறமையை எடுத்து இன்னொரு துயரத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இந்த வாதத்தை மற்றவர்கள் நமக்கு எதிராகப் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படையின் தொண்டூழியர்கள் ஏறத்தாழ 4,000 பேர் இந்த நாட்டுக்கு வந்தார்கள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பித்தார்கள். சுகாதார நிலையங்களில் வேலை செய்தார்கள். முதல் குழு இங்கே வந்திறங்கிய 1962இல் அவர்களுடைய நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியாமல் தடுக்கப்பட்டார்கள். வெள்ளையர் உணவகத்தில் உட்கார முடியாது. குடிசார் உரிமைகள் சட்டம் வந்ததே 1964இல்தான். ‘உன் ஊரைத் திருத்திவிட்டு வா’ என்று அன்றைக்குச் சொல்ல மலாயாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. வகுப்பறை கொடுத்தோம், மலாய் பேசப் பழக்கினோம், பலன் பெற்றோம். இன்று எழுபது வயதைத் தொடும் மலேசியர்கள் பலர் அந்த ஆசிரியர்களை நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். வாங்கும்போது சரியாக இருந்தது கொடுக்கும்போது எப்படித் தவறாகும்?

பணக்கார நாடு என்பதால் அமெரிக்காவால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கியூபா 250க்கும் மேற்பட்ட மருத்துவர்களையும் தாதிகளையும் அனுப்பியது. அந்த அக்டோபரில் சியரா லியோனுக்கு மட்டும் 165 பேர் போனார்கள். கியூபாவின் கடைகளில் அன்றும் பற்றாக்குறைதான்.

3. ஆப்பிரிக்கா நமக்கு யாரோ என்பவர்கள் ஜொகூரின் மண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. குளுவாங், கூலாய், கோத்தா திங்கி, சிகாமாட் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்டன. 1917இல் சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில் வணிகப் பயிராக வேரூன்றியது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது இதன் அடுத்த பாதி. மரம் வந்தது, ஆனால் அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி அதோடு வரவில்லை. அதனால் பல ஆண்டுகள் தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்கொத்துகளில் கையால் மகரந்தம் தூவினார்கள். கேமரூனில் இந்தப் பூவை ஆராய்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், காற்றைவிட ஒரு சிறு கூன்வண்டுதான் அங்கே மகரந்தத்தைச் சுமக்கிறது என்று காட்டினார். 1981 பிப்ரவரியில் அந்தக் கேமரூன் வண்டு இந்த நாட்டில் முதன்முதலாக விடப்பட்டது குளுவாங் அருகே, மாமோர் தோட்டத்தில். குறுகிய காலத்தில் தீபகற்பம் முழுவதும் பரவியது. காய் பிடிப்பு கூடியது. கையால் தூவும் வேலை நின்றுபோனது.

நம் மாநிலத்தின் செல்வத்தில் மரமும் ஆப்பிரிக்கா, வண்டும் ஆப்பிரிக்கா. அந்தச் செம்பனை வருமானத்தில் சாலை போட்டோம், கோயில் கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். மரத்தின் தாயகத்தில் பிரசவ அறையில் விளக்கில்லை என்று கேள்விப்பட்டால் ‘அது எங்கள் விஷயமில்லை’ என்று சொல்ல முடியுமா? இதற்கு மேலும் உறவுதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 1860 நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. பினாங்குக்கு வந்த கப்பலும் அதே கரையிலிருந்துதான் புறப்பட்டது. எந்தக் கப்பலில் ஏற்றப்பட்டோம் என்பதே நம் பாட்டன்மார் பலரின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஆனால் கடமையை நான் ரத்த உறவின் மேல் நிறுத்தவில்லை. மலாவியில் தமிழர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் என் வாதம் மாறாது.

4. டிக்கெட் பணத்தை அனுப்பிவிடலாமே என்பது கேட்க மிக நியாயமாக இருக்கிறது. பாதி இடங்களில் அது சரியும்கூட. கொசுமருந்து தோய்த்த ஒரு வலைக்குச் சுமார் 10 வெள்ளி. மலேரியாவால் 2023இல் இறந்த ஏறத்தாழ ஆறு லட்சம் பேரில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்காவில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கையில் எந்தத் தொழிலும் இல்லாமல் இரண்டு வாரம் சுவருக்குச் சாயம் அடிக்கப் போகிறவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வலைக்குப் பணம் அனுப்பட்டும். அங்கே சாயம் அடிக்கத் தெரிந்தவர்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். இதில் எனக்கும் எதிர்த்தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஆனால் எல்லாத் தேவையும் பணத்தால் வாங்கக்கூடிய தேவையா? உலகின் நோய்ச் சுமையில் 24 விழுக்காடு ஆப்பிரிக்காவில் இருக்க, உலகின் சுகாதார ஊழியர்களில் 3 விழுக்காட்டினரே அங்கே இருந்தார்கள் என்று 2006இல் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டியது. எபோலா வருவதற்கு முன் லைபீரியாவில் நாற்பது லட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 50 மருத்துவர்கள் இருந்தார்கள். மலேசியா அப்போது 2 கோடிக்கும் மேற்பட்ட ரப்பர் கையுறைகளை அனுப்பியது. பால்மரம் சீவிய தலைமுறையின் பேரன் என்ற முறையில் அந்தச் செய்தி எனக்குப் பெருமை தந்தது. நல்ல உதவி, தேவையான உதவி. கையுறைக்குள் நுழைய ஒரு கை வேண்டும். அந்தக் கையைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது.

கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் 40 விழுக்காட்டுக்கு அருகில் இயங்காமல் கிடப்பதாக 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பணம் போய்ச் சேர்ந்து, கருவி வாங்கப்பட்டு, மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. இல்லாதது அந்தக் கருவியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள். பாசிர் கூடாங் ஆலைகளிலும் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளிலும் பதினைந்து வருடம் கருவிகளைப் பழுதுபார்த்த நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மருத்துவக் கருவிகளுக்கான பயிற்சியைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஓர் ஆண்டு போனால், ஆக்ஸிஜன் தயாரிக்கும் இயந்திரம் மறுபடி ஓடும். அதை ஓட்ட இரண்டு உள்ளூர் இளைஞர்களும் கற்றுக்கொள்வார்கள். எத்தனை ஆயிரம் வெள்ளி அனுப்பினாலும் இந்தப் பலன் தானாக வந்துவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பணத்தை அனுப்பு’ என்று அறிவுரை சொல்பவர்களில் பணம் அனுப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தத் தாதி போகாவிட்டால் அவளுடைய டிக்கெட் பணம் வலையாக மாறாது. அவள் வங்கிக் கணக்கிலேயே கிடக்கும்.

5. தீமை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் எல்லாவற்றிலும் கனமானது. அதை நான் லேசாக எடுக்கவில்லை. உலகம் முழுவதும் அனாதை இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். நமக்கு அருகிலுள்ள கம்போடியாவில் நான்கில் மூன்று பேருக்கு அப்படி. வந்து கொஞ்சிவிட்டுப் பணம் கொடுக்கும் வெளிநாட்டவருக்காகவே குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். இதைக் குழந்தைக் கடத்தலின் ஒரு வடிவம் என்று 2018ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி ஆஸ்திரேலியா அங்கீகரித்தது. உகாண்டாவின் ஜிஞ்ஜாவில் மருத்துவப் படிப்பு இல்லாத ஓர் அமெரிக்கப் பெண் நடத்திய சத்துணவு மையத்துக்கு எதிராக, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 2019இல் நீதிமன்றம் போனார்கள். வாரக்கணக்கில் போய்க் குழந்தைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணங்களை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நம் பிள்ளைகள் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு கேட்கிறேன்: இதிலிருந்து ‘யாரும் போகாதே’ என்ற முடிவு எப்படி வருகிறது? போலி மருத்துவர் ஊசி போட்டு ஒருவர் இறந்தால் மருத்துவத்தையே மூடுவதில்லை, உரிமம் கேட்கிறோம். மேலே சொன்ன தவறுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை மூன்று. யாரும் அழைக்காமல் போனார்கள், தகுதி இல்லாமல் போனார்கள், பொறுப்பேற்குமுன் திரும்பினார்கள். தூரத்துக்கு இதில் பங்கே இல்லை. இதே மூன்று குறையோடு சிகாமாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குள் நுழைந்தாலும் அதே கேடுதான் விளையும்.

இந்த இடத்தில் இவான் இல்லிச்சை மேற்கோள் காட்டும் படிப்பாளிகள் உண்டு. 1968 ஏப்ரலில் சிகாகோவில், மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன் நின்று, நல்லெண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உதவ வராதீர்கள் என்று கடுமையாகப் பேசியவர் அவர். அந்த உரையின் நரம்பு எங்கே இருக்கிறது? நீங்கள் யாருக்கு உதவுவதாக நினைக்கிறீர்களோ, அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதே உங்களுக்குப் புரியாது, உங்களுக்கு அவர்கள் மொழியே தெரியாது என்கிறார். சரியான அடி. அதற்குரிய பதில் மொழியைக் கற்றுக்கொண்டு போவது. வீட்டில் தமிழ், கடையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம், அக்கம்பக்கத்தில் கொஞ்சம் ஹொக்கியன் என்று வளர்ந்த ஜொகூர்ப் பிள்ளைக்கு நான்கு மாதம் சிச்சேவா கற்பது மலை இல்லை. அன்றைய அமெரிக்க மாணவர்களுக்கு இல்லாத பழக்கம் இவர்களுக்கு இருக்கிறது.

இன்னொரு பலமும் இருக்கிறது. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவியதாக ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் நோலஸி வகைதான் இப்போதைய சவால். மலேரியாவைத் துரத்திய வேலை எப்படி நடந்தது என்பதைத் தங்கள் கையால் செய்து பார்த்த சுகாதார ஊழியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். லண்டனிலிருந்து வரும் வல்லுநரைவிட இவர்களில் ஒருவர் சொல்வது மலாவி ஊழியருக்கு நெருக்கமாக இருக்கும். ஏனென்றால் இவர் வந்த ஊரிலும் கால்வாய் தேங்கும், மழை பெய்யும், இலாகா தாமதிக்கும்.

6. ஆபத்து என்கிறார்கள். 54 நாடுகளைக் கொண்ட ஒரு கண்டத்தை ஒரே சொல்லில் அடக்கிப் பயப்படுகிறோம். மேற்கே மூன்று நாடுகளில் எபோலா பரவிய காலத்தில் கிழக்கே கென்யாவுக்குப் போகிறவரைத் தடுத்தோம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதைப் படித்துவிட்டு மலேசியாவே விஷம் என்று யாராவது எழுதியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

அச்சத்துக்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மறுப்பு முழுமையாகாது. ஆப்பிரிக்கர் என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். இந்த நாட்டில் படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கிறோம். ‘இந்தியருக்கு வீடு இல்லை’ என்று விளம்பரம் போடுகிறவர்கள்மேல் நமக்கு வரும் கோபம் எவ்வளவு நியாயமானது! அதே வாய் ஆப்பிரிக்க மாணவனுக்குக் கதவைச் சாத்துகிறது. ‘அங்கே போய் அவனுங்களுக்கா செய்யப்போற?’ என்ற கேள்வியில் அழுத்தம் விழுவது ‘அங்கே’ என்பதில் இல்லை. அதே பெண் லண்டன் மருத்துவமனையில் ஓராண்டு தொண்டூழியம் என்றால் வீட்டில் விருந்து வைப்பார்கள். உள்ளூர்க் குறையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள்.

ஆகவே போகிறவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உன்னை அழைத்தது எந்த மருத்துவமனை? அந்த நாட்டின் தாதியர் வாரியம் உன் தகுதியை ஏற்றதா? யாருக்குக் கீழே வேலை செய்வாய்? எத்தனை மாதம்? நீ கிளம்பிய பிறகு அந்த வேலையைத் தொடரப் போவது யார், அவருக்கு என்ன கற்றுக்கொடுப்பாய்? இவற்றுக்குப் பதில் இருந்தால் நம் சங்கங்கள் அவளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தடுக்க வேண்டும்.

கேட்பதோடு நின்றுவிடவும் கூடாது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆப்பிரிக்க மருத்துவமனைகளின் குழுக்களைத் தன்னிடம் வரவழைத்துக் கண்புரை அறுவையையும் மருத்துவமனை நடத்தும் முறையையும் கற்றுக்கொடுத்தது. ராஜஸ்தானின் திலோனியாவிலுள்ள பேர்ஃபுட் கல்லூரிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஆப்பிரிக்கக் கிராமத்துப் பாட்டிமார்கள் பல விமானம் மாறி வந்து, ஆறு மாதம் தங்கி, சூரிய மின்விளக்கு பொருத்தக் கற்றுத் திரும்பினார்கள். மலேசிய அரசும் 1980 முதல் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் வளரும் நாடுகளின் அலுவலர்களை இங்கே அழைத்துப் பயிற்சி தருகிறது. ஜொகூரில் திருவிழாவுக்கும் விருந்துக்கும் நிதி திரட்டத் தெரிந்த அமைப்புகள் இதைச் சிறிய அளவில் செய்யலாம். இங்கிருந்து ஒரு தொழில்நுட்பர் ஓராண்டு அங்கே போகட்டும். அவர் திரும்பும்போது அந்த மருத்துவமனையிலிருந்து ஒருவர் மூன்று மாதப் பயிற்சிக்கு இங்கே வரட்டும். இரண்டு டிக்கெட், கொஞ்சம் படிப்பணம், பயிற்சி தர ஒரு பட்டறை, தங்க ஓர் அறை. இவற்றில் கடைசியாகச் சொன்னதைக் கொடுக்க முன்வரும் குடும்பங்கள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் உலு திராமிலும் எத்தனை என்று சங்கங்கள் இந்த மாதமே விசாரிக்கத் தொடங்கலாம்.